கற்பிட்டி முதல் சிறாம்பியடி வரை: எமது கரையின் வரலாற்றில் ஒரு நாள்

நூற்றாண்டு விழாவை முன்னிட்டு இவ்வாண்டு ஊர் திரும்பும் பழைய மாணவிகள் பலர். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருவோர் உண்டு. கட்டார், இலண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் என்று தொலைவிலிருந்து வருவோரும் உண்டு. எத்தாளையை ஒரு பெயராக மட்டும் கேள்விப்பட்டு வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு வருவார்கள். விழா முடிந்த மறுநாள் இப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி எழும். டொல்பின் பார்க்கப் படகேறலாம். கடற்கரையில் பட்டம் கட்டிச் சறுக்கும் வெள்ளைக்காரரை வேடிக்கை பார்க்கலாம். அவற்றுக்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். நாம் இங்கே சொல்ல வருவது வேறொரு சுற்றுலா. கற்பிட்டியில் தொடங்கி, தலவில, பாலாவி, புத்தளம் வழியாகச் சிறாம்பியடியில் முடியும் இப்பயணத்தை ஒரு வேன் பிடித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். வழியில் கோட்டை, தேவாலயம், திருத்தலம், பள்ளிவாசல் எல்லாம் உண்டு. கடைசியாக வரும் ஊரில் கோட்டையைப் போல நிமிர்ந்து பார்க்க எதுவும் கிடையாது. ஆயினும் அந்த ஊரைச் சேர்க்காமல் எமது கரையின் வரலாறு முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காற்று வகுத்த வழி

எமது கரைக்கு யார் எப்போது வரலாம் என்பதை நெடுங்காலம் காற்றே தீர்மானித்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பாய்விரித்த மரக்கலங்கள் அரபு நாட்டுக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் சென்றன. கச்சான் தொடங்கும்போதோ தணியும்போதோ அவை திரும்பின. கச்சான் உச்சத்தில் நிற்கும் மாதங்களில் கடலோடிகள் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். காற்றைப் பார்த்து இடம் மாறும் வாழ்க்கை எம்மவருக்கும் தெரிந்ததே. எமது கடல் கொந்தளிக்கும் காலத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் உடப்பு முதலான ஊர்களில் தொன்றுதொட்டு உண்டு.

இந்தக் காற்றின் வழியே வந்தவர்களுள் உலகறிந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1331 அளவில் அவர் மொகதிசு நகரில் இறங்கினார். இன்று அது சோமாலியாவின் தலைநகரம். கப்பல் நங்கூரமிட்டதும் ஊர் இளைஞர்கள் சிறு தோணிகளில் உணவுத் தட்டுகளோடு நெருங்கி, ஒவ்வொரு வணிகரையும் தத்தம் விருந்தாளியாக அழைத்துச் செல்லும் வழக்கத்தை அவர் எழுதிவைத்திருக்கிறார். நெய்யிட்டுச் சமைத்த சோறு, ஊறுகாய், பச்சை இஞ்சி, மாம்பழம் என்று அவர் அங்கே உண்டதைப் படிக்கையில் எமது பெருநாள் சஹன் நினைவுக்கு வராமல் போகாது. அவர் அங்கே சென்றபோதே பக்ருத்தீன் பள்ளிவாசல் கட்டி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1269இல் எழுந்த அப்பள்ளிவாசல் மொகதிசுவின் பழைய நகரில் இன்றும் உள்ளது.

அதே இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டபோது, காற்று திசை மாறி அவரை இலங்கைக்குக் கொண்டுவந்தது. அவர் இறங்கிய ஊரின் பெயர் ‘பத்தாலா’. அது எமது புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கொள்கை. ஆரியச் சக்கரவர்த்தியின் தலைநகர் என்று அவ்வூரை அவர் குறிப்பிடுகிறார். மரச்சுவரும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் என்றும், கரையெங்கும் வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தன என்றும் எழுதுகிறார். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துகளை அரசன் அவருக்குக் காட்டினான். என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதமின் பாதம் பதிந்த மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் பயணி. அதற்கு அரசன் பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், வேறு பத்துப் பேரும், சுமை தூக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். சைவ அரசன் ஒருவன் முஸ்லிம் பயணி ஒருவரை, பௌத்தரும் சைவரும் வணங்கும் மலைக்கு யோகிகளின் துணையோடு அனுப்பிய செய்தி எமது ஊரிலிருந்து தொடங்குகிறது. எமது கரையைப் பற்றிய பழைய பதிவுகளில் இதைவிடப் பெருமை தரும் ஒன்றை நாம் அறியோம்.

கோட்டையும் தேவாலயமும்

காலையில் முதலில் கற்பிட்டிக்குப் போவோம். குடாநாட்டின் வடக்கே களப்பைப் பார்த்தபடி நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். அதற்கு முன் அவ்விடத்தில் போர்த்துக்கேயரின் காவலிடமும் யேசு சபையினரின் ஆலயமும் இருந்தன. வாசல் வளைவு செங்கல்லாலும், மதில்கள் பவளக்கல், சுண்ணாம்புக்கல் கொண்டும் ஆனவை. 1795இல் கோட்டை பிரித்தானியரின் கைக்கு மாறியது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் வாசலில் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும்.

கோட்டை ஏன் இங்கே என்று பிள்ளைகள் கேட்டால் மதிலின் மேல் நின்று களப்பைக் காட்டுங்கள். களப்பின் தெற்கு முனையில் இருப்பது புத்தளம். கண்டி மன்னனுக்கு உப்பும் துணியும் போன வழி அது. மலைநாட்டுப் பாக்கு இந்தியாவுக்குப் போன வழியும் அதுவே. அந்த வணிகத்தில் பெரும்பங்கு முஸ்லிம் வணிகர் கையில் இருந்தது. களப்பின் வாயில் கோட்டை கட்டி உட்கார்ந்தவன் கண்டியின் கடல்வாசலுக்குப் பூட்டுப் போட்டவன் ஆகிறான். வெளியே கடலில் போர்த்துக்கல் குடா, ஒல்லாந்தர் குடா என்று இன்றும் வழங்கும் இரண்டு பெயர்கள் அந்தப் போட்டியின் மிச்சம்.

கோட்டைக்கு அண்மையில் இருக்கும் புனித பேதுரு தேவாலயம் 1706இல் ஒல்லாந்தர் கட்டியது. பின்னர் அது அங்கிலிக்கன் சபையிடம் வந்தது. அங்கே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களைக் காணலாம். கற்பிட்டியில் நின்று மறக்கக் கூடாத இன்னொரு பெயர் சைமன் காசிச்செட்டி. 1807இல் இவ்வூரில் பிறந்தவர். 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரித்து ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து ‘தமிழ் புளூராக்’ என்ற ஆங்கில நூலைத் தந்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுத முனைந்த முன்னோடிகளில் ஒருவர் எமது குடாநாட்டுப் பிள்ளை என்பதை வெளிநாட்டில் வளரும் எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அடைக்கலம் தந்த ஊர்கள்

கற்பிட்டியிலிருந்து தெற்கே திரும்பினால் மேற்குக் கடலோரத்தில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். கப்பலுடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகர் ஒருவரின் நேர்த்தியால் எழுந்த ஆலயம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடக்கும் திருவிழாக்களுக்கு நாடெங்குமிருந்து சிங்களவரும் தமிழரும் வந்து மர நிழலில் கூடாரமடித்துத் தங்குவர். கத்தோலிக்கர் அல்லாதோரும் நேர்த்தி வைத்து வருவது வழக்கம்.

அங்கிருந்து நுரைச்சோலை, பாலாவி கடந்து புத்தளம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டு, குருமார் துரத்தப்பட்டனர். அக்காலத்தில் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசவ் வாஸ் அடிகள் 1690 அளவில் புத்தளத்துக்கு வந்து பணியாற்றினார். புத்தளம் அப்போது கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்ததால் இங்கே அவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அவரை 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்னரே, 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோதும் கண்டி மன்னன் செனரத் அவர்களைத் தன் நாட்டில் குடியமர்த்தினான். ஒருவர் துரத்தியவருக்கு இன்னொருவர் இடம் கொடுத்த வரலாறு எமது நாட்டில் பழையது.

எமது தலைமுறைக்கு அது கண்முன்னே நடந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். அந்த ஆண்டு எமது வகுப்பறை வாங்குகளில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம். புத்தகமும் சீருடையும் பங்கிட்டுக்கொண்டோம். அன்று வந்த பிள்ளைகள் இன்று எமது சங்கத்தின் உறுப்பினர்கள். புத்தளம் பெரிய பள்ளி என்று நாம் சொல்லும் முஹியத்தீன் ஜும்ஆ பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, வந்தவருக்கு இடங்கொடுத்த ஊர் இது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிறாம்பியடி

இதுவரை பார்த்த இடங்களை நின்று நிலைக்க வைத்தவர்கள் வணிகர், ஆட்சியாளர், அடியார். அவர்கள் தாமாக வந்தவர்கள் அல்லது தம் உயிர்காக்க வந்தவர்கள். கட்டிப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் எமது கடல்வழியில் உண்டு. அவர்களின் வழிவந்தோர் வாழும் ஊர் புத்தளம் நகருக்கு அண்மையில் இருக்கும் சிறாம்பியடி.

ஆபிரிக்கரைப் போர்த்துக்கேயர் மொசாம்பிக்கிலிருந்து கோவா வழியாக அடிமைகளாகக் கொண்டுவந்தனர். மொசாம்பிக் தீவு 1898 வரை போர்த்துக்கேயக் கிழக்கு ஆபிரிக்காவின் தலைநகராக இருந்தது. புனித செபஸ்தியார் பெயரில் பெருங்கோட்டையும், அதன் அருகே 1522இல் கட்டிய மாதா சிற்றாலயமும் அங்கே உண்டு. இன்று அத்தீவு உலக மரபுரிமைச் சின்னம். சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் அந்தத் துறையிலிருந்துதான் எண்ணற்ற ஆபிரிக்கர் விலைப்பொருளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒல்லாந்தரும் இங்கே அடிமைகளை வைத்து வேலை வாங்கினர். கொழும்பில் அவர்களை இரவில் அடைத்துவைத்த இடமே ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் பெற்ற கொம்பனித்தெரு. பிரித்தானியரோ கோவாவிலும் மொசாம்பிக்கிலும் ஆபிரிக்கரை வாங்கி இலங்கைப் படைப்பிரிவுகளில் சிப்பாய்களாகச் சேர்த்தனர். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படை கலைக்கப்பட்டபோது புத்தளத்தில் இருந்த சிப்பாய்களின் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன.

இம்மக்கள் கத்தோலிக்கர். இவர்களின் மூதாதையர் பேசியது போர்த்துக்கேயக் கலப்பு மொழி. தலைமுறைகள் கலந்து மணம் செய்ததால் இன்று வீட்டில் பேசுவது சிங்களம். பழைய மொழி எஞ்சியிருப்பது ‘மஞ்சா’ என்னும் பாடல்களில்தான். சின்னஞ்சிறு வரிகள் திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏற ஏறப் பாட்டும் ஆட்டமும் வேகம் கொள்ளும். றபானோடு சிரட்டையும், போத்தலும் கரண்டியும் வாத்தியம். வாய்வழியாகவே வந்த இப்பாடல்களைப் பேராசிரியர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்றோர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். பாடும் இளையோர் சொற்களின் பொருளை முழுதும் அறியாமலே ஒலியைக் காத்து வருகின்றனர்.

சுற்றுலா பஸ்ஸின் பின்சீட்டில் போத்தலைக் கரண்டியால் தட்டி நாம் பாடிய பைலாவை எந்தப் பழைய மாணவியும் மறந்திருக்க மாட்டாள். பைலா என்ற சொல் ஆடு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதன் உறவான கபிறிஞ்ஞா என்னும் ஆட்டத்தின் பெயரிலேயே இம்மக்களின் பெயர் இருக்கிறது. நாடு முழுவதும் கலியாண வீடுகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் ஆடும் தாளத்தில் இவர்களின் பங்கு உண்டு. அதற்காக நன்றி சொன்னோர் குறைவு.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இறைவனை மறுப்பவர் என்று பொருள்படும் ‘காபிர்’ என்ற அரபுச் சொல்லை அரபு வணிகர் முஸ்லிமல்லாத ஆபிரிக்கருக்கு வழங்கினர். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டனர். தமிழில் அது காப்பிரி என்றும் காப்பிலி என்றும் ஆனது. தென்னாபிரிக்காவில் அச்சொல் கொடிய வசவு. அதைச் சொன்னவர் நீதிமன்றம் ஏற நேரிடும். எமது நாட்டில் இம்மக்கள் அப்பெயரைத் தமக்குரிய பெயராகவே ஏற்று வழங்குகின்றனர். அது அவர்களின் உரிமை. ஆனால் கருத்த நிறமும் சுருட்டை முடியும் உள்ள பிள்ளையைக் ‘காப்பிலி’ என்று கேலி செய்யும் வழக்கம் எமது ஊர்களில் உண்டு. ஆறு வயதில் அப்பெயரைக் கேட்ட பிள்ளை அறுபது வயதிலும் அதை மறப்பதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் கடல் கடந்து வந்த ஒரு சனத்தின் துன்பம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அதைக் கேலியாகச் சொல்லாது. இதை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும்.

போர்ட் லூயியிலிருந்து பார்த்தால்

தூரத்தில் வைத்துப் பார்த்தால் சில விடயங்கள் தெளிவாகத் தெரியும். மொரீசியஸ் ஆபிரிக்க நாடுகளில் ஒன்று. அதன் தலைநகர் போர்ட் லூயி. அந்நகரைச் சுற்றிப் பார்க்கப் போனால் புனித லூயி பேராலயத்தையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஜும்ஆ பள்ளிவாசலையும், சீனக் கோயில்களையும், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலையும் காட்டுவார்கள். துறைமுகத்தில் ‘ஆப்பிரவாசி காட்’ என்ற இடத்தில் பழைய கற்படிகள் இருக்கின்றன. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கரையிறங்கினர். அவர்களுள் தமிழரும் பலர். 2006இல் அந்த இடம் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கோட்டையோ அரண்மனையோ இல்லாத, கூலிகள் ஏறிய சில படிகளை அந்நாடு தன் பெருமையாகக் காக்கிறது.

மொரீசியஸ் தமிழரில் மிகப் பலர் இன்று வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் அவர்களின் பெயரிலும் கோயில் பாட்டிலும் நிற்கிறது. ஆயினும் தைப்பூசக் காவடி அங்கே பொது விடுமுறை. நாணயத் தாளில் தமிழ் எழுத்து உண்டு. பொருள் முழுதும் விளங்காமலே தேவாரம் பாடும் மொரீசியஸ் பிள்ளையைக் காணொளியில் பார்த்து நாம் நெஞ்சு நிறைகிறோம். அதே கணக்கில், பொருள் முழுதும் விளங்காமல் மஞ்சா பாடும் சிறாம்பியடிப் பிள்ளையைப் பார்த்தும் நெஞ்சு நிறைய வேண்டும். ஒரே கடல் தமிழரை ஆபிரிக்கத் தலைநகரில் இறக்கியது, ஆபிரிக்கரை எமது ஊரருகே இறக்கியது. இருவரும் மொழியை இழந்து பாட்டைக் காத்தவர்கள்.

இது வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்கு வெறும் வரலாறு அல்ல. தமிழ் விளங்கும், ஆனால் பேச வராது என்ற நிலையில் எமது பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் எஞ்சப்போவது ஒரு தாலாட்டோ, ஒரு பைத்தோ, ஒரு கீதமோ, ஒரு சமையலின் பெயரோ தான். அது எஞ்ச வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிறாம்பியடியில் கற்றுக்கொள்ளலாம். அங்கே பாட்டு எழுதிப் படிக்கப்படவில்லை. விசேட நாட்களில் முதியவரும் சிறுவரும் சேர்ந்து பாடியதால் நின்றது.

போகும் முறை

சில வார்த்தைகள் நடைமுறை பற்றி. சிறாம்பியடிக்கு வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. யாருடைய முகத்தையும் முடியையும் பார்க்கவென்று எவர் வீட்டு முற்றத்திலும் போய் நிற்பது முறையன்று. முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் அழைத்தால் போக வேண்டும். பாடக் கேட்டால் கலைஞருக்குரிய சன்மானம் கொடுக்க வேண்டும். படம்பிடிப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே. இதைவிட நல்ல வழி, எமது பாடசாலை மேடைக்கு அவர்களை மதிப்புக்குரிய விருந்தினராக அழைப்பது. நூற்றாண்டையொட்டி இதைச் செய்யலாம் என்று சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளாக வைக்கிறோம். பாடசாலை நூலகத்தில் கற்பிட்டிக் கோட்டையின் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சாப் பாடலின் ஒலிப்பதிவொன்றும், பாடியவர் விரும்பினால் அவர் பெயரும் இருக்கட்டும்.

மறுநாளும் நேரம் இருப்போர் தெற்கே உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலையும், போர்த்துக்கேயர் இடித்த பின் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மீளக் கட்டுவித்த முன்னேஸ்வரத்தையும் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போகலாம். ஆடித் தீமிதிப்புக் காலமென்றால் உடப்பில் இரண்டு நாள் தங்க நேரும். அதற்குத் தக்கபடி விடுமுறையைக் கூட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்.